மஞ்சள் விளக்கு எரிகிறதா? முதலில் வண்டி எங்கே நின்றது என்று சொல்லுங்கள்

டீசல் வண்டிகள் பார்க்கும் என் பட்டறை குன்னூரிலிருந்து கோத்தகிரி போகிற ரோட்டில் இருக்கிறது. பழைய பம்பு வண்டிக் காலத்தில் காதும் ஸ்பேனரும் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். புகை கறுப்பா, நீலமா, வெள்ளையா என்று பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். 2020 ஏப்ரல் 1-இல் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததிலிருந்து புகை கண்ணுக்கே தெரிவதில்லை. அதற்குப் பதில் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு. அந்த விளக்கோடு மலையேறி வருகிற டிரைவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே வசனம்தான்: "அண்ணா, பிக்கப்பே இல்லைங்க. சென்சார் போயிடுச்சுன்னு கீழே சொன்னாங்க."

சென்சார் போயிருக்கலாம். ஆனால் என் கைக்கு வந்த பல வண்டிகளில் சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை, அவ்வளவுதான். அதனால் ஸ்கேனரை எடுப்பதற்கு முன்னால் டிரைவரை உட்கார வைத்து ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு மூன்று கேள்வி கேட்பேன். போன பத்து நாளில் வண்டி எங்கே ஓடியது? எங்கே நின்றது? நின்றபோது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததா?

இந்தக் கேள்விகள் ஏன் என்று புரிய, சைலன்சர் என்று நாம் சொல்லும் அந்தப் பெரிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சுருக்கமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் டிஓசி. எரியாத டீசலையும் கார்பன் மோனாக்சைடையும் எரித்து அடுத்த அறைக்குச் சூட்டைக் கொடுப்பது. அடுத்து டிபிஎஃப், கரித்தூளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி. அதற்கப்புறம் எஸ்சிஆர். டிரைவர்கள் யூரியா என்று சொல்லும் டெஃப் திரவம் இதற்கு முன்னால் தெளிக்கப்படுகிறது. சூட்டில் அது அமோனியாவாகி, நைட்ரஜன் ஆக்சைடுகளை வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது. மிச்சமாகும் அமோனியாவைக் கடைசியில் ஒரு சின்ன கேட்டலிஸ்ட் (வினையூக்கி) பிடித்துக்கொள்ளும்.

எல்லாமே சூட்டை நம்பி நடக்கிற வேலை. புகை 250 டிகிரிக்கு மேல் இருந்தால் டிபிஎஃப்பில் சேர்ந்த கரி ஓட ஓடத் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும். போதாவிட்டால் வண்டியே கூடுதலாக டீசல் விட்டு 550, 600 டிகிரி வரை சூடேற்றி எரிக்கும். அதைத்தான் ரீஜென் என்கிறோம். புகை 200 டிகிரிக்குக் கீழே இறங்கினால் யூரியா சரியாக ஆவியாகாது, வெள்ளை உப்பாகப் படியும்.

இப்போது நம் ரோட்டை நினைத்துப் பாருங்கள். மேட்டுப்பாளையத்தில் சிமெண்ட் ஏற்றி, கல்லாறு தாண்டி, 14 கொண்டை ஊசி வளைவும் ஏறிக் குன்னூர் வருகிற வண்டிக்கு சைலன்சர் நன்றாகக் காய்ந்திருக்கும். அது தன்னைத் தானே சுத்தம் செய்துகொண்டு வருகிறது. அதே வண்டி இறங்கும்போது எக்ஸாஸ்ட் பிரேக்கில், அதாவது புகை வழியை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைப் பிடிக்கும் பிரேக்கில்தான் இறங்கும். இன்ஜினுக்கு டீசலே போகாது, பச்சைக் காற்றுதான் சைலன்சர் வழியாகப் போகும். பர்லியார் போவதற்குள் சூடு இறங்கிவிடும். ஏறி இறங்குகிற வண்டிக்கு இது பெரிய பிரச்சினை இல்லை, ஏற்றமும் இறக்கமும் கணக்கைச் சரிசெய்துவிடும்.

ஏறாத வண்டிகளுக்குத்தான் வினை. பச்சைத் தேயிலை வண்டி கொள்முதல் மையத்துக்கு மையம் நாலு கிலோமீட்டர் ஓடும், நிற்கும், எடை போடும் வரை இன்ஜின் உறுமிக்கொண்டே இருக்கும், அப்புறம் ஃபேக்டரி வாசலில் வரிசை. கேரட் வண்டி கேத்தி பாலாடாவில் கழுவும் இடத்தில் குளிருக்குப் பயந்து இன்ஜினை ஓடவிட்டு இரவு முழுக்க நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து ரோடு அடைத்தால் எல்லா வண்டிக்கும் இதே கதி. இப்படி ஓடிய வண்டிக்கு டிபிஎஃப் அடைத்த விளக்கு எரிந்தால் அதில் ஆச்சரியம் இல்லை. ஏற்றத்தில் பாரத்தோடு ஓடிய வண்டிக்கு அதே விளக்கு எரிந்தால்தான் நான் உஷாராவேன். அங்கே கரி அளவுக்கு மீறிப் பிறக்கிறது என்று அர்த்தம்.

சரி, டீ முடிந்தது. அடுத்தது கண்ணால் பார்க்கிற வேலை.

வால்பைப்புக்குள் விரலை விட்டுத் தடவுங்கள். டிபிஎஃப் நல்லபடியாக இருந்தால் விரல் கிட்டத்தட்ட சுத்தமாகவே வரும். கறுப்பாக வந்தால் உள்ளே வடிகட்டி விரிசல் விட்டிருக்கலாம், அல்லது யாரோ அதைக் குடைந்து எடுத்திருக்கலாம். பிறகு டிப் ஸ்டிக். ஆயில் மட்டம் ஏறியிருந்து டீசல் வாடை அடித்தால், ரீஜென் பாதியில் பாதியில் நின்று, அதற்காகச் சிலிண்டரில் விட்ட டீசல் ஆயிலில் இறங்கியிருக்கிறது. அந்த ஆயிலை வைத்துக்கொண்டு மேலே எந்த வேலையும் செய்யாதீர்கள், மாற்றிவிட்டு வாருங்கள். அப்புறம் யூரியாவைத் தெளிக்கும் டோசரைச் சுற்றி, பைப் ஜாயிண்டுகளில் வெள்ளை உப்பு இருக்கிறதா என்று பாருங்கள். க்ளாம்ப் ஓரத்தில் கறுப்புக் கோடு தெரிந்தால் அங்கே புகை கசிகிறது. இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் வரை ஹோஸ்களைக் கையால் அமுக்கிப் பார்த்துக்கொண்டே வரவேண்டும்.

இன்னொன்று, விளையாட்டாகச் சொல்லவில்லை. ரீஜென்னைத் தடுக்கும் சுவிட்ச் பல வண்டிகளில் இருக்கும். யாரோ தெரியாமல் அதை அமுக்கி வைத்திருப்பார்கள். வாரக்கணக்கில் வண்டி ரீஜென் செய்யாமல் ஓடியிருக்கும். ஒரு பைசா செலவில்லாமல் முடிந்த வேலைகளில் இதற்குத்தான் முதலிடம்.

ஸ்கேனரை மாட்டினால் கோடு, அதாவது கோளாறைச் சொல்லும் குறியீட்டு எண் வரும். பல வண்டிகளில் எஸ்பிஎன் என்ற எண்ணும் எஃப்எம்ஐ என்ற எண்ணும் சேர்ந்து வரும். முன்னது எந்த உறுப்பு என்று சொல்லும், பின்னது அதற்கு என்ன ஆயிற்று என்று சொல்லும். இரண்டாவதை யாரும் படிப்பதில்லை. எஃப்எம்ஐ 3, 4, 5 என்றால் மின்சாரச் சிக்கல்: ஒயர், கப்ளர், ஷார்ட், அறுந்தது. எஃப்எம்ஐ 0, 15, 16 என்றால் சென்சார் வேலை செய்கிறது, அது காட்டும் அளவுதான் அதிகம். 1, 17, 18 என்றால் அளவு குறைவு. எஸ்பிஎன் 3251 டிபிஎஃப்பின் அழுத்த வித்தியாசம். அதோடு 16 வந்தால் பெட்டி உண்மையிலேயே அடைத்திருக்கலாம். 4 வந்தால் பெட்டியைத் தொடாமல் முதலில் ஒயரைப் பாருங்கள். எலி கடித்திருக்கும். மலையில் இரவு சூடான இன்ஜினைத் தேடி வராத எலி கிடையாது.

கோடு வந்ததும் அழிக்காதீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். எப்போது வந்தது, அப்போது கூலண்ட் சூடு என்ன, வேகம் என்ன என்று பதிவாகியிருந்தால் அதையும் எழுதுங்கள். இப்படி எழுதி வைக்காமல் நான் ஏமாந்த கதை ஒன்று இருக்கிறது.

மார்கழி முடிகிற சமயம். ஊட்டிக்கு அந்தப் பக்கம் தலைகுந்தாவில் இரவு நிற்கும் ஒரு ஆறு சக்கர வண்டி. காலையில் ஸ்டார்ட் செய்ததும் விளக்கு, பத்து மணிக்கு மேல் தானாக அணைந்துவிடும். டிரைவர் தம்பி, "யூரியா உறைஞ்சு போகுதுங்ணா" என்றார். யூரியா உறைவது மைனஸ் 11 டிகிரியில். தலைகுந்தாவில் உறைபனி விழும்தான், புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும், ஆனால் அந்த அளவுக்குப் போகாது. அது இல்லை என்று சொல்லிவிட்டு, 3251 கோடைப் பார்த்து அழுத்த சென்சாரை மாற்றிவிட்டேன். இரண்டு நாள் கழித்து அதே வண்டி, அதே விளக்கு, அதே தம்பி. முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

மூன்றாவது நாள் விடியற்காலை நானே தலைகுந்தாவுக்குப் போனேன். டிபிஎஃப்பிலிருந்து அந்த சென்சாருக்கு இரண்டு சின்னக் குழாய்கள் வரும். அவை சென்சாரிலிருந்து பெட்டியை நோக்கிச் சரிந்தே இருக்க வேண்டும், உள்ளே வேர்க்கிற தண்ணீர் திரும்பி வடிவதற்காக. அந்த வண்டியில் யாரோ வேறு வேலை பார்த்துவிட்டு ஒரு ஹோஸைத் தொங்கலாக பிளாஸ்டிக் டையில் கட்டியிருந்தார்கள். தொங்கலில் தேங்கிய தண்ணீர் இரவில் உறைந்திருக்கிறது. உறைந்தது யூரியா இல்லை, வெறும் தண்ணீர். ஹோஸைக் கழற்றித் தட்டினேன், விரல் நீளத்துக்கு ஐஸ் விழுந்தது. டையை அறுத்துச் சரிவாகக் கட்டியதோடு வேலை முடிந்தது. சென்சார் காசை அந்தத் தம்பிக்குத் திருப்பிக் கொடுத்தேன்.

அதிலிருந்து 3251 வந்தால் முதலில் இதைத்தான் செய்கிறேன். சாவியைப் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், ஸ்கேனரில் அழுத்த வித்தியாசம் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்கிறேன். ஓடாத இன்ஜினில் வித்தியாசம் எப்படி வரும்? பூஜ்யம் இல்லையென்றால் குழாயைக் கழற்றி மறுபடி பார்க்க வேண்டும். கழற்றியதும் பூஜ்யமானால் குழாய், ஆகாவிட்டால் சென்சார்.

மலைக் குளிரில் நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் எல்லா வெப்ப சென்சார்களின் அளவையும் ஒரே திரையில் வையுங்கள். கூலண்ட், வெளிக் காற்று, டிஓசிக்கு முன், பின், டிபிஎஃப்புக்குப் பின் எல்லாமே ஆறு, ஏழு டிகிரி என்று கிட்டத்தட்ட ஒன்றாகக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் 40 என்று நின்றால் அதுதான் பொய் சொல்கிறது.

டிபிஎஃப் உண்மையிலேயே அடைத்திருந்தால், அடைத்தது கரியா சாம்பலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கரி எரியும். என்ஜின் ஆயில் எரிந்து வருகிற சாம்பல் எத்தனை ரீஜென் செய்தாலும் எரியாது, பெட்டியைக் கழற்றி மெஷினில்தான் சுத்தம் செய்ய வேண்டும். ரீஜென் முடிந்து ஸ்கேனரில் கரி அளவு இறங்கிவிட்டது, ஆனால் அழுத்தம் மட்டும் இறங்கவில்லை என்றால் அது சாம்பல். விலை குறைவு என்று பழைய சிஐ 4 தர இன்ஜின் ஆயிலை ஊற்றுகிறவர்கள் இந்த நிலைக்குச் சீக்கிரம் வருவார்கள். இந்த வண்டிகளுக்கு சாம்பல் குறைந்த ஆயில்தான், சிகே 4 அல்லது கையேட்டில் போட்டிருப்பது.

கரி என்றால், ஏன் இவ்வளவு கரி என்று கேளுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தைவிடக் கிட்டத்தட்டக் கால்பங்கு குறைவு. டர்போ அதை ஈடுகட்டும். ஆனால் ஹோஸில் சின்ன விரிசல் இருந்தால் கீழே சமவெளியில் தெரியாதது இங்கே கரியாகப் பெட்டியில் வந்து சேரும். ஒரு இலை வண்டியில் இன்டர்கூலர் ஹோஸ் விரிசல் ஏற்றத்தில் பூஸ்ட், அதாவது டர்போ கொடுக்கும் காற்றழுத்தம், ஏறும்போது மட்டும் திறந்துகொண்டது. நின்ற இடத்தில் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஹோஸின் அடிப்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கில் மண் ஒட்டியிருந்த இடம்தான் காட்டிக்கொடுத்தது. அதற்குமுன் அந்த வண்டிக்கு மாதத்தில் மூன்று ரீஜென் போட்டிருந்தார்கள். சொட்டும் இன்ஜெக்டர், ஒட்டிக்கொண்ட ஈஜிஆர் வால்வு (புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பிவிடுவது), ஆயில் விடும் டர்போ சீல், இவையும் இதே கரியைத்தான் கொடுக்கும். மூலத்தை விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் சுத்தம் செய்தால் அடுத்த மாதம் மறுபடி சந்திப்போம்.

நிறுத்தி வைத்து ரீஜென் போடுவதில் வித்தை ஒன்றுமில்லை. இன்ஜின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும், நியூட்ரல், ஹேண்ட் பிரேக், க்ளட்சில் கால் கூடாது, டீசல் போதுமான அளவு. அரைமணி, முக்கால் மணி நேரம் ஆகும், நடுவில் அணைக்கக்கூடாது. எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதுதான் முக்கியம். தை, மாசியில் இங்கே புல் காய்ந்து கிடக்கும். யூகலிப்டஸ் சருகின்மேல் 600 டிகிரி சைலன்சரை நிறுத்தினால் வண்டியோடு காட்டையும் சேர்த்துக் கொளுத்திவிடுவீர்கள். வெறும் மண், வெறும் சிமெண்ட் தரை, சுற்றி ஆள் இல்லாத இடம். தேயிலை ஃபேக்டரி ஷெட்டுக்குள் ஒருபோதும் வேண்டாம். முதுமலை வழியாகப் போகிறவர்கள் காட்டுக்குள் ஓரம் கட்டிப் போடலாம் என்று நினைக்கவே கூடாது.

யூரியா பக்கம் வருவோம். டெஃப் என்பது 32.5 சதவீதம் யூரியா, மிச்சம் உப்பு நீக்கிய தண்ணீர். வயலுக்குப் போடுகிற யூரியாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றுகிற புத்திசாலிகளைப் பார்த்திருக்கிறேன். தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பும் உர யூரியாவில் இருக்கும் கசடும் டோசரையும் கேட்டலிஸ்டையும் கெடுத்துவிடும், அதை எந்த ரீஜென்னும் சரிசெய்யாது. யூரியா எத்தனை சதவீதம் என்று காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சொட்டு போதும், 32.5-க்குப் பக்கத்தில் நிற்கிறதா என்று தெரிந்துவிடும். கேனை வெயிலில் வைக்காதீர்கள். 25 டிகிரியில் ஒன்றரை வருடம் தாங்குவது 35 டிகிரியில் ஆறு மாதம்தான் தாங்கும். குன்னூரில் வைத்தால் கவலையில்லை, மேட்டுப்பாளையம் தகர ஷெட்டில் வைத்ததை நான் வாங்குவதில்லை. பித்தளைப் புனலும் டீசல் புனலும் கூடவே கூடாது.

தூக்கக் கலக்கத்தில் யூரியா டேங்க்கின் நீல மூடியைத் திறந்து டீசலை ஊற்றிவிட்டீர்களா? சாவியைத் திருப்பாதீர்கள். பம்பு இழுக்காத வரை டேங்க்கைக் கழற்றிக் கழுவினால் தப்பிக்கலாம். இழுத்துவிட்டால் பம்பு, பைப், டோசர் என்று ரப்பர் உள்ள எல்லாமே ஊறிப் போகும்.

யூரியா அழுத்தம் போதவில்லை என்று வருகிற கோடுக்கு, பம்பை மாற்றச் சொல்வதுதான் வழக்கமான வைத்தியம். ஒரு கேரட் வண்டிக்கு அப்படித்தான் வேறொரு பட்டறையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கழுவும் இடத்துக்குப் போய்வந்த மறுநாள் மட்டும் இந்தக் கோடு வருகிறது என்று டிரைவர் சொன்னதும் எனக்குப் பொறி தட்டியது. டேங்க் மூடியைத் திறந்தேன், உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. டேங்க்கின் மூச்சுக்குழாய் வாயில் செம்மண் சேறு அப்பி இறுகியிருந்தது. காற்று உள்ளே போகாமல் பம்பு எதை இழுக்கும்? வெந்நீரில் கழுவி விட்டேன். அதற்கப்புறம் யூரியா ஃபில்டரையும் பார்த்து மாற்றினேன், அதுவும் அதன் காலத்தைத் தாண்டித்தான் இருந்தது.

டோசர் முனையில் உப்பு கட்டியிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தால் கரையும். கம்பியால் குத்தாதீர்கள். திரும்ப மாட்டும்போது கேஸ்கெட் புதிது. உப்பு கட்டுவதற்குப் பெரிய காரணம் ஒன்று டிரைவர் கையில் இருக்கிறது. இன்ஜினை அணைத்ததும் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சைப் பட்டென்று திருப்பிவிடுவது. அணைத்த பிறகும் பம்பு கொஞ்ச நேரம் ஓடி, லைனில் மிஞ்சிய யூரியாவை டேங்குக்குத் திரும்ப இழுக்கும். இரண்டு நிமிடம் பொறுத்துத் திருப்புங்கள்.

இந்த யூரியா விளக்கை அலட்சியம் செய்தால் என்ன ஆகும்? முதலில் இழுவை கால்பங்கு குறையும். பிறகு வேகம் 20 கிலோமீட்டரில் பூட்டிக்கொள்ளும். பர்லியார் வளைவில் பின்னால் நாற்பது வண்டி ஹாரன் அடிக்க 20-இல் ஏறியவர்களைக் கேட்டுப் பாருங்கள். இதற்கு மருந்தாகச் சிலர் பெட்டியைக் குடைந்துவிட்டு, கம்ப்யூட்டரை ஏமாற்றும் சின்ன டப்பாவை மாட்டித் தருகிறார்கள். சட்டப்படி குற்றம் என்பது ஒருபக்கம். அந்த வண்டிக்கு அப்புறம் என்ன கோளாறு வந்தாலும் ஸ்கேனர் சொல்வதை நம்ப முடியாது. நான் அந்த வண்டிகளைத் தொடுவதில்லை.

கடைசியாக, நைட்ரஜன் ஆக்சைடுகளை அளக்கும் நாக்ஸ் சென்சார், விலை அதிகமான சாமான். எஸ்சிஆருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. எஸ்சிஆரின் வேலை போதவில்லை என்று எஸ்பிஎன் 4364 வந்ததும் இதை மாற்றிவிடுவார்கள். அதற்கு முன் டெஃப் தரம், டோசர், புகைக் கசிவு மூன்றையும் முடித்துவிட்டு வாருங்கள். சூடான சைலன்சரில் தண்ணீர் பீய்ச்சுகிற பழக்கமும் இந்த சென்சாரைக் கொல்லும், உள்ளே இருப்பது பீங்கான்.

அதைச் சோதிக்க நம் இறக்கம்போல் வசதி எங்கும் இல்லை. வண்டியை நன்றாகச் சூடேற்றி, குன்னூரிலிருந்து கீழே விடுங்கள். பக்கத்து சீட்டில் ஸ்கேனரோடு ஒரு ஆள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து எக்ஸாஸ்ட் பிரேக்கில் இறங்கும்போது டீசல் எரிவதில்லை, ஆகவே நாக்ஸும் பிறக்காது. சற்று நேரத்தில் இரண்டு சென்சாரும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். ஒன்று மட்டும் நூறுக்கு மேல் காட்டிக்கொண்டே இருந்தால் அதை மாற்றலாம், மனசாட்சி உறுத்தாது.

பர்லியாரில் திருப்பி, பாரத்தோடு மேலே ஏறச் சொல்வேன். இப்போது முன் சென்சார் சில நூறுகளில் ஏறும், பின் சென்சார் அதில் சிறு பங்குதான் காட்ட வேண்டும். கரி அளவு கிளம்பும்போது எவ்வளவு, குன்னூர் வந்து சேரும்போது எவ்வளவு என்று டிரைவர் நோட்டில் தேதியோடு எழுதிக் கொடுப்பேன். அடுத்த முறை விளக்கு எரிந்து வருகிறபோது அந்த நோட்டையும் கொண்டு வரச் சொல்லி அனுப்புகிறேன். பாதிப் பேர் கொண்டு வருவதில்லை. அவர்களுக்கு மறுபடியும் ஒரு டீ.